முதல் வரிசை ரசிகன்

புதுச்சேரியில் எங்கே பேண்டு வாசித்தாலும் அதற்கு எதிரே ஏதாவது ஒரு கடையில், கையில் ஒரு தட்டோடு, இமைக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு வழுக்கைத் தலையை நீங்கள் பார்த்திருக்கலாம். அது நான்தான். சில மாதங்களிலேயே இந்த ஊரின் இசைக்கும் ஓவியத்துக்கும் சாப்பாட்டுக்கும் பெரிய ரசிகன் என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது. கடற்கரைப் பக்கம் காப்பிக் கடை வைத்திருப்பவர்கள் என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைக்கிறார்கள். ஓவியக் கண்காட்சிகளுக்கு அழைப்பு வருகிறது. உண்மையில் எந்த வாத்தியம் சுருதி சேர்ந்திருக்கிறது, எது விலகியிருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. நான் பாட்டுக் கேட்கப் போகவில்லை. என் மகள் மூச்சு விடுகிறாளா என்று பார்க்கப் போனேன்.

அவளுக்கு இருபது வயது. காலாப்பட்டில் படிக்கிறாள். நாங்கள் இருக்கும் உப்பளம் பகுதியின் மாதா கோயில் பேண்டில் டிரம்பெட் ஊதுகிறாள். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்து கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தவள், "ப்பா, நெஞ்சுல என்னமோ குத்துது" என்றாள். அடுத்து நான் நினைவில் வைத்திருப்பது மருத்துவமனையின் நடைபாதையை. நுரையீரலில் ஒரு சின்னக் கொப்புளம் உடைந்து, காற்று வெளியே கசிந்து, நுரையீரலையே ஒரு பக்கமாக அமுக்கிவிட்டதாம். உயரமாக, ஒல்லியாக இருக்கும் பிள்ளைகளுக்குக் காரணம் எதுவும் இல்லாமலே இப்படி வருமாம். விலாவில் குழாய் போட்டு, அதன் மறுமுனையை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டிருந்தார்கள். அவள் மூச்சு விடும்போது அதில் குமிழி வரும். நான் அந்தக் குமிழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் குமிழி நின்றுவிட்டது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டு நோயாளிகளெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். "சார், அது நின்னாதான் நல்லது. ஓட்டை அடைஞ்சிடுச்சுன்னு அர்த்தம். வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றார் நர்ஸ். இன்றைக்கும் யாராவது பக்கத்தில் சோடா பாட்டிலைத் திறந்தால் நான் திரும்பி மகளைத்தான் பார்க்கிறேன்.

பிறகு ஓர் அறுவை சிகிச்சை. பல மாதம் ஓய்வு. கடைசியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒட்டிடுச்சு. இனிமே ஊதலாம்" என்றார்.

"டாக்டர், டிரம்பெட் சார் அது. புல்லாங்குழல் இல்ல" என்றேன்.

"தெரியும்."

"கன்னம் ரெண்டும் உப்பும் டாக்டர்."

"சார், ஊதப்போறது அவங்க. உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?" என்றார். என் மகளும் மனைவியும் சேர்ந்து சிரித்தார்கள்.

நோய் வந்தது ஊதும்போது அல்ல, துணி மடிக்கும்போது என்பது எனக்கும் தெரியும். அதை மகளும் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறாள். மருத்துவக் காரணம் சொல்லி துணி மடிப்பதை அன்றோடு நிறுத்திவிட்டாள். ஆனால் நான் வேலை பார்ப்பது இன்சூரன்ஸ் அலுவலகத்தில், விபத்துப் பிரிவில். 'எதிர்பாராத விதமாக' என்ற சொற்களை வாசிக்காமல் எனக்கு ஒரு நாள் கழிந்ததில்லை. என்னிடம் போய் இனிமேல் ஒன்றும் வராது என்றால் எப்படி நம்புவது? பேண்டு போகும் இடத்துக்கெல்லாம் நானும் வருவேன் என்றேன். அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"வா. ஆனா கிட்ட வரக் கூடாது. கையக் காட்டி 'போதும் போதும்'னு சைகை பண்ணக் கூடாது. போன தடவ பண்ணினியே, மாஸ்டர் பாட்டையே நிறுத்திட்டாரு."

கிட்டப் போகாமல் கண்காணிக்க வேண்டும் என்றால் எங்காவது உட்கார வேண்டும். இந்த ஊரில் சும்மா உட்கார விடுகிற இடம் கடற்கரைச் சுவர் ஒன்றுதான். மற்ற இடங்களில் எதையாவது வாங்கித் தின்றால்தான் உட்காரலாம். இப்படித்தான் நான் சாப்பாட்டு ரசிகன் ஆனேன்.

நோணாங்குப்பத்தில் தேர்பவனி என்றால் படகுத்துறைக்குப் போகும் சாலையில் வறுத்த மீன் கடை. கல்யாண வரவேற்பு என்றால் மண்டபத்துக்கு எதிரே கொத்துபரோட்டா. ஒயிட் டவுனில் ஒரு கடை திறப்புவிழாவுக்கு பேண்டு அழைத்திருந்தார்கள். நான் எதிர்க் கடையில் குருவாசான் என்கிற பிரெஞ்சு ரொட்டி ஒன்று வாங்கி, அதைக் கிள்ளிக் கிள்ளி, பேண்டு முடியும்வரை இழுத்தேன். அந்தக் கடை முதலாளி பிரான்சில் பலகாலம் இருந்துவிட்டுத் திரும்பியவர். பக்கத்தில் வந்து நின்று, "இப்படித்தான் மிசியே சாப்பிடணும். நம்ம ஆளுங்க இத பன்னு மாதிரி டீயில முக்குறாங்க. நீங்க ஒருத்தர்தான் ஒவ்வொரு மடிப்பா பிரிச்சு சாப்பிடறீங்க" என்றார். நான் தலையாட்டினேன். என் கண் முழுக்க எதிரே சிவப்புக் கோட்டு போட்ட ஓர் ஒல்லி முதுகின்மேல் இருந்தது.

ஓவிய ரசிகனானதும் இதே வழியில்தான். ஒரு பழைய வீட்டில் கண்காட்சி. முற்றத்தில் பேண்டு. சுவர் முழுக்க மஞ்சள் சுவர்களின் ஓவியம். அதாவது மஞ்சள் சுவர், அதன்மேல் காகிதப்பூ, பக்கத்தில் சாத்திய கதவு, கதவோரம் ஒரு சைக்கிள். வெளியே தெருவில் இதெல்லாம் காசில்லாமல் கிடக்கிறது. அதில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ள வெளியூர்க்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே அதையே சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கடைசி ஓவியத்தில் மட்டும் மஞ்சள் தவிர ஒன்றுமே இல்லை. அதன் கண்ணாடியில் முற்றம் அப்படியே தெரிந்தது. என் மகள் எழுந்து நின்று ஊதுவதும் தெரிந்தது. நான் அதன் முன்னால் நின்றவன்தான், நகரவே இல்லை. கண்காட்சி நடத்தியவர் மெதுவாக வந்து, "என்ன தோணுது சார்?" என்று கேட்டார்.

"மூச்சே விட முடியல" என்றேன்.

அடுத்த நாள் அந்த மஞ்சள் ஓவியத்தின் படத்தோடு அந்தச் சொற்கள் இணையத்தில் வந்திருந்தன. கீழே, ஊரின் மூத்த ரசிகர் சொன்னது என்று போட்டிருந்தார்கள். எனக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

இந்தப் புகழால்தான் ஒரு பாரம்பரிய மாலைநேர விருந்துக்கு எனக்கு அழைப்பு வந்தது. நடத்தியவர் வடக்கேயிருந்து வந்து சில வருஷங்களாக இங்கேயே தங்கிவிட்ட ஓர் அம்மாள். கைத்தறிப் புடவையும் பெரிய வெள்ளிக் காதணியும் போட்டிருப்பார். தன்னைக் கியூரேட்டர் என்று சொல்லிக்கொள்வார். ஊர்க்காரர்கள் தினமும் செய்வதை எடுத்து, விளக்கைக் கொஞ்சம் குறைத்து, ஊர்க்காரர்களுக்கே டிக்கெட் போட்டுக் காட்டுவது அந்த வேலை என்று நான் புரிந்துகொண்டேன். ஒயிட் டவுனில் முற்றம் வைத்த ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். உள்ளூர் பேண்டு, உள்ளூர்ப் பூ, உள்ளூர்ச் சாப்பாடு. எதுவும் வெளியூரிலிருந்து வரக்கூடாது என்பது அவர் கொள்கை, அவரைத் தவிர.

எங்கள் பேண்டு மாஸ்டர் பகலில் அரசாங்க வண்டி ஓட்டுகிறவர். அந்த அம்மாள் அவரிடம் வந்து பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஃபாஸ்ட் பாட்டு வேண்டாம் மாஸ்டர். ஸ்லோவா, கிரேஸா, பழைய பாண்டிச்சேரி மாதிரி. கேக்கறவங்க மனசு உருகணும்."

மாஸ்டர் யோசித்தார். "மெதுவா போறது நம்மகிட்ட ஒண்ணு இருக்குதுங்க மேடம். கேட்டா அழாதவங்க கிடையாது."

"பெர்ஃபெக்ட்! அதேதான்."

அவர் போனதும் நான் மாஸ்டரைப் பார்த்தேன். "மாஸ்டர், அது அடக்கத்துக்கு வாசிக்கிறது."

"ஆமா."

"சொல்ல வேணாமா?"

"அவங்க எதுக்கு வாசிக்கிறீங்கன்னு கேக்கலையே சார். சாவுப் பாட்டுன்னு சொன்னா அவ்ளோ நல்ல பாட்டுக்கு ஒரு மரியாதை இல்லாம பூடும். கல்யாணத்துல எவன் நம்ம பாட்டைக் கேக்கறான், எல்லாரும் பந்திக்கு ஓடறான். உக்காந்து கேக்கறது பொணம் ஒண்ணுதான். இவங்க உக்காந்து கேக்கறேங்கறாங்க. கேக்கட்டுமே."

அந்தப் பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கோயில் பங்கில் ஒரு வழக்கம். வீட்டிலிருந்து சவப்பெட்டியைத் தூக்கும்போது, அது வாசற்படியை எட்டியதும் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். டிரம்பெட் மட்டும் தனியாக ஓர் அடி ஊதும். நீளமான அடி. ஒரே மூச்சு. அது முடியும்வரை தூக்குகிறவர்கள் தோளில் கனத்தோடு அப்படியே நிற்பார்கள். முடிந்ததும் பெட்டி வாசலைத் தாண்டும். பேண்டு தெருவில் முன்னால் நடக்கத் தொடங்கும். நோய்க்குப் பிறகு அந்தத் தனி அடியை மாஸ்டர் என் மகளுக்குக் கொடுக்கவே இல்லை. இந்த விருந்தில் நானே ஊதுவேன் என்று அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கேட்டதற்குக் காரணம் காரைக்கால். அங்கே ஒரு கோயில் திருவிழாவுக்கு எங்கள் பேண்டை ஒரு வாரத்துக்கு அழைத்திருந்தார்கள். அவள் போயே ஆக வேண்டும் என்றாள். நானும் வருவேன் என்றேன். வந்தால் நான் போகவே மாட்டேன் என்றாள். சாப்பாட்டு மேசையில் இது பல நாள் ஓடியது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கும் என் மனைவி ஒரு நாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னாங்க, கேளுங்க. நீயும் கேளு. அந்த விருந்துல அந்தத் தனி அடிய உடையாம முடிச்சுட்டா அவ காரைக்கால் போறா. தனியா போறா. நீங்க வீட்ல இருக்கீங்க."

"முடிக்கலன்னா?"

"முடிக்கலன்னா அவளே போமாட்டா. இப்ப ரசத்த ஊத்திக்குங்க."

விருந்து நாள் வந்தது. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். முதல் வரிசையில் நடுநாயகமாக என் நாற்காலி. உட்கார்ந்து சுற்றிப் பார்த்தேன்.

அந்த அம்மாள் ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரித்தான் சொல்லியிருக்கிறார்: வெள்ளையாக, அமைதியாக, பழைய முறையில். ஒவ்வொருவரும் அவரவருக்குத் தெரிந்ததைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நாற்காலிகளும் வெள்ளைத் துணி போட்ட மேசையும் எங்கள் உப்பளத்து வாடகைச் சாமான் கடையிலிருந்து வந்தவை. அந்த மேசையில் பெட்டி வைத்துத்தான் நான் பார்த்திருக்கிறேன். பூக்காரர் சம்பங்கி மட்டும் கொண்டுவந்திருந்தார். நாற்காலிகளை இரண்டு பக்கமும் எதிரும் புதிருமாகப் போட்டு நடுவில் வழி விட்டிருந்தார்கள். முதலில் பரிமாறியது பால் இல்லாத வெல்லக் காப்பியும் பன்னும். பலகாரப் பட்டியலில் அதற்கு வேறு பெயர் போட்டு, மண்குவளையில் கொடுத்தார்கள். எங்கள் ஜனங்களுக்கு அதை எப்போது கொடுப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை: அடக்கம் முடியும்வரை வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், பக்கத்து வீட்டிலிருந்து இதுதான் வரும்.

எல்லாம் இருந்தது. இறந்தவர் ஒருவர்தான் குறை. அவரையும் அந்த அம்மாள் கொண்டுவந்திருந்தார்.

மேசைமேல் ஒரு பெரிய கறுப்புவெள்ளைப் படம். மீசையும் கோட்டுமாக ஒரு பெரியவர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் விற்பவரிடம் வாங்கியதாம். யார் என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. பழைய பாண்டிச்சேரியின் முகம் என்று வைத்திருந்தார். படத்தைப் பார்த்ததும் பூக்காரர் கை சும்மா இருக்குமா? மாலை போட்டுவிட்டார். மாலையைப் பார்த்த பரிமாறும் பையன்களில் ஒருவன் இரண்டு பக்கமும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டான்.

வெளியூர் விருந்தாளிகள் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு எதிரே என் மகள் டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் எனக்கும் நடுவே மாலை, மெழுகுவத்தி, வெள்ளைத் துணி. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எதை நினைத்துவிடக் கூடாது என்று பாதி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்தேனோ, அதைச் செலவு செய்து, அலங்கரித்து, முதல் வரிசையில் இடம் போட்டு எனக்குக் காட்டுகிறார்கள். என் கண் பொங்கிவிட்டது.

மாஸ்டர் கையைத் தூக்கினார். பேண்டு தொடங்கியது.

முதலில் பரிமாறுகிற பையன்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்றார்கள். இந்த ஊரில் அந்தப் பாட்டு தெருவில் போனால் சாப்பிடுகிறவனும் கையை உதறிக்கொண்டு எழுந்து நிற்பான், கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்குவார். சமையற்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். உள்ளூர்க்காரர்கள் நிற்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்களும் எழுந்தார்கள். ஒரு வெள்ளைக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

பாட்டு தெருவுக்குக் கேட்டது. கதவு திறந்துதான் இருந்தது. ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, படத்துக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டார். பின்னாலேயே இரண்டு மீன்காரப் பெண்கள். அவர்களுக்குப் பின்னால், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு முதியவர், கைத்தடியோடு. சாவு வீட்டுக்குள் வருகிறவர்களை யார் நீங்கள் என்று கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. யாரும் கேட்கவில்லை. வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள். பிறகு, துக்கத்துக்கு உரியவர் யார் என்று சுற்றிப் பார்த்தார்கள். முதல் வரிசையில், வெள்ளைச் சட்டையோடு, எழுந்து நிற்கவும் மறந்து, கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தவன் ஒருவன்தான்.

அந்த நேரத்தில் எல்லா வாத்தியங்களும் நின்றன. என் மகள் எழுந்து நின்றாள். தனி அடி.

நான் எட்டிப் பார்ப்பதற்குள் ஆட்டோக்காரர் என் முன்னால் குனிந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மனசத் தேத்திக்குங்கண்ணே."

"ஐயோ, கொஞ்சம் தள்ளுங்க, தெரியல" என்றேன்.

"தெரியாதுதாண்ணே. இப்ப ஒண்ணும் தெரியாது. போகப்போகத்தான் தெரியும்" என்றார் அவர்.

அவர் நகர்ந்த இடத்தில் மீன்காரம்மா வந்து என் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவள் தோள் ஏறி இறங்குகிறதா, முகம் வெளிறுகிறதா, விலாவில் கை வைக்கிறாளா, எதுவும் தெரியவில்லை. மீன் வாசனையோடு இருட்டு. அந்த இருட்டுக்குள் அந்த ஒலி மட்டும் வந்துகொண்டிருந்தது. மெல்லிசாகத் தொடங்கி, பருத்து, முற்றத்தின் மேலே திறந்திருந்த வானத்துக்குப் போய், அங்கே நின்றுவிட்டு, வந்த வழியே அவசரமில்லாமல் இறங்கியது. நடுவில் எங்கேயும் உடையவில்லை. இத்தனை மாதமாக அவள் போன இடமெல்லாம் போயிருக்கிறேன். அவள் ஊதி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்பாவா?" என்று மீன்காரம்மா என் காதருகே கேட்டார்.

"பொண்ணு. அங்க ஊதுதே, அது என் பொண்ணு" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "இந்த நேரத்துலயும் பெத்த புள்ள வந்து தாத்தாவுக்கு ஊதுது பாரு. நல்லா ஊதுது சாமி. நீ அழாத" என்றார்.

பட்டாளத்து முதியவர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இவர எனக்குத் தெரியும். சைகோன்ல ஒண்ணா இருந்தோம். தங்கமான மனுஷன்" என்றார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் தனி அடி முடிந்தால் பெட்டி வாசலைத் தாண்ட வேண்டும். கையும் காலும் பழகிவிட்ட ஊர் இது. பரிமாறும் பையன்கள் இரண்டு பேர் போய்ப் படத்தைத் தூக்கி வாசல் பக்கம் திரும்பினார்கள். படம் வாசலைத் தாண்டியதும் பெரிய டிரம் 'டம்' என்றது. மாஸ்டர் நடக்க ஆரம்பித்தார். பேண்டு பின்னால் நடந்தது. ஆட்டோக்காரரும் சமையற்காரரும் என்னை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். விருந்தாளிகள் மண்குவளையும் கையுமாகப் பின்தொடர்ந்தார்கள். காகிதப்பூவும் மஞ்சள் சுவரும் உள்ள தெரு வழியாக, பெயர் தெரியாத ஒரு மனிதருக்கு நாங்கள் கடற்கரைவரை ஊர்வலம் போனோம். படம் எடுக்கச் சுவரில் சாய்ந்து நின்ற ஒரு கல்யாண ஜோடி வழிவிட்டு ஒதுங்கியது. "எவ்வளவு ஆதென்டிக்!" என்று அந்த அம்மாள் யாரிடமோ சொல்வது பின்னாலிருந்து கேட்டது.

தெருமுனையில் பேண்டு திரும்பியபோது என் மகள் முதல்முறையாக என்னைப் பார்த்தாள். இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு, மீன்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட, முன்பின் தெரியாத தகப்பனுக்காக அழுதபடி வரும் என்னை. டிரம்பெட்டிலிருந்து வாத்து கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. ஒலி அறுந்தது. அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள்.

நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. என்னைத் தாங்கியவர்களில் ஒருவர் கீழே விழுந்தார் என்று பிறகு சொன்னார்கள். அவளைப் பிடித்து நிமிர்த்தினேன். முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிந்து, வாயைத் திறந்து திறந்து மூடினாள், சத்தமே வரவில்லை.

"என்னம்மா, குத்துதா? எங்க குத்துது? ஆட்டோ! ஆட்டோ எங்க?"

ஆட்டோக்காரர், "இங்கதாண்ணே இருக்கேன்" என்றார்.

அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சிரிக்க... விடுப்பா. ஐயோ. சிரிக்க விடு. யாருப்பா செத்தது?"

தெருவில் உட்கார்ந்து அவள் சிரித்தாள். மாஸ்டருக்கு அப்போதுதான் எங்கே வந்திருக்கிறோம் என்று தெரிந்தது. "வாசல் தாண்டினதும் கால் தானா நடந்துடுச்சு சார்" என்று தலையைச் சொறிந்தார். பிறகு சட்டென்று கல்யாணப் பாட்டுக்கு மாற்றினார். ஒதுங்கி நின்ற ஜோடி ஆட ஆரம்பித்தது. கடற்கரையில் பஜ்ஜிக்காரர் எண்ணெயைச் சூடேற்றினார். விருந்தாளிகள் பட்டியலில் போட்டிருந்த பலகாரங்களை மறந்துவிட்டு மிளகாய் பஜ்ஜியும் சுண்டலும் நின்றபடியே தின்றார்கள். அன்றைக்கு எல்லாரும் ரசித்துச் சாப்பிட்டது அதைத்தான் என்று நினைக்கிறேன். எனக்கும் பசித்தது. எதையும் கண்காணிக்காமல் நான் தின்ற முதல் பஜ்ஜி அது.

வீட்டில் விசாரணை நடந்தது. ஒலி அறுந்தது உண்மைதான் என்று நான் எடுத்துச் சொன்னேன்.

"எங்க அறுந்துச்சு?" என்றாள் மனைவி.

"தெருவுல."

"தனி அடி எங்க முடிஞ்சுது?"

"முற்றத்துல."

"அப்ப தெருவுல நடந்தது கணக்குல வராது." பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்தாள். "யாருங்க இது?"

துக்கத்துக்கு உரியவன் என்று படத்தை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மாளும் திரும்பக் கேட்கவில்லை. படத்துப் பெரியவர் இப்போது எங்கள் பீரோவுக்குப் பக்கத்தில் நிற்கிறார். தூக்கிப் போட மனசு வரவில்லை. அவ்வளவு பேர் எனக்கு ஆறுதல் சொன்ன பிறகு எப்படிப் போடுவது?

மகள் போன திங்கட்கிழமை காரைக்காலுக்குப் போய்விட்டாள். வண்டி தெரு திரும்பும்வரை நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன், சைகை பண்ணிவிடக் கூடாதே என்று. ஒவ்வொரு சாயங்காலமும் போன் வருகிறது. "மூச்சு இருக்குப்பா. வெச்சுடறேன்." அவ்வளவுதான் பேசுகிறாள். நேற்று மட்டும் கூட ஒரு வார்த்தை: "நீ என்னா சாப்பிட்ட?"

அந்தப் போன் வந்தபோது கடற்கரையில் இருந்தேன். வேலை ஒன்றும் இல்லை, வீட்டில் இருக்கவும் முடியவில்லை. எங்கிருந்தோ வந்த ஒரு பேண்டு வாசித்துக்கொண்டிருந்தது. பொட்டலத்தில் சுண்டலோடு சுவரில் உட்கார்ந்து, இனி பாட்டை மட்டும் கேட்பது என்று தீர்மானித்திருந்தேன். கேட்டுக்கொண்டும் இருந்தேன். அப்போது டிரம்பெட் ஊதிய பையன் எழுந்து நின்றான். உயரமாக, ஒல்லியாக, கழுத்து நரம்பு தெரிய. பொட்டலத்தைச் சுவர்மேல் வைத்துவிட்டேன். யார் பெற்ற பிள்ளையோ. எதிர்க் கடைகளில் ஒவ்வொரு மேசையாகப் பார்த்தேன், தட்டை வைத்துக்கொண்டு இமைக்காமல் உட்கார்ந்திருக்கும் ஆள் யாராவது இருக்கிறாரா என்று. ஒருவரும் இல்லை. சரி என்று நானே கொஞ்சம் முன்னால் நகர்ந்து, அவன் தோள் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.